பழைய டீசல் காரில் நாமே கை வைக்கலாமா? பின்னால் வருந்த வைக்கும் தவறுகள் எவை?

காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதாகவும், 11 வருடப் பழைய டீசல் கார் ஒன்றை நண்பரின் உறவினரிடமிருந்து வாங்கியிருப்பதாகவும், சிறிய வேலைகளை நீங்களே செய்துகொள்ள ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அனுபவப்பட்டவர்கள் செய்துவிட்டுப் பின்னால் வருந்திய தவறுகளைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தவறுகளின் பட்டியல் ஒன்று போதும். ஆனால் "வீட்டில் எல்லோரும் கை வைக்காதே என்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உங்கள் கேள்வியே அதில்தான் இருக்கிறது. எதில் கை வைக்கலாம், எதில் வைத்தால் காரோ கையோ போய்விடும் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்து, சில வருடம் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, வியாசர்பாடியில் சொந்தமாக ஷெட் வைத்திருப்பவன் நான். உங்கள் காரை நான் பார்க்கவில்லை. அதனால் அதற்கு என்ன நோய் என்று இங்கிருந்தே சொல்லப் போவதில்லை. மின்சாரக் கார்கள், ஹைபிரிட் கார்கள் எனக்குப் பயிற்சி இல்லாத துறை. ஆகவே கீழே வருவதெல்லாம் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் பற்றியது. ஷெட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. செய்த உடனே காட்டிக்கொடுக்கும் தவறுக்காக யாரும் அதிகம் வருந்துவதில்லை. அன்றைக்கே கயிறு கட்டி இழுத்து வந்து, திட்டு வாங்கி, சரிசெய்துகொண்டு போய்விடுகிறார்கள். செய்த அன்று எல்லாம் நன்றாகவே ஓடி, "வேலை முடிந்தது" என்று நிம்மதியாகத் தூங்க வைத்து, ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்துத் தலைகாட்டும் தவறுகள்தான் ஆளை உட்கார வைக்கின்றன. உங்களைப் போல் புதிதாகக் கை வைக்கிறவர் அதிகம் அஞ்ச வேண்டியதும் அவற்றுக்குத்தான்.

இதற்கு ஒரே விதிவிலக்கு ஜாக்கி. அது மன்னிக்காது. காரோடு வரும் கத்தரி ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் ஆனது. அதை ஏற்றிவைத்துவிட்டு அடியில் நுழைவது தற்கொலை முயற்சிக்குச் சமம். ஜாக்கிக்குத் துணையாகச் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்குவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. ஹாலோ பிளாக் சுவரில் பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். இரும்பு விளிம்பு ஒன்று ஒரே இடத்தில் குத்தி நின்றால், விரிசல் விடுகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் நொறுங்கிவிடும். நம் தெருக்களின் தரையையும் நம்ப முடியாது. மணல்மேல் பதித்த பேவர் கல்லும், வெயிலில் இளகிய தாரும் ஜாக்கியின் காலை உள்வாங்கும். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். ஸ்பேனர் வாங்குவதற்கும் முன்னால் அதை வாங்குங்கள். கையேட்டில் குறித்திருக்கும் இடத்தில் வைத்து, காரை இறக்கி, பக்கவாட்டில் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். கழற்றிய சக்கரத்தைச் சும்மா ஓரமாக உருட்டிவிடாமல் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தோன்றுவதில்லை. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கைப்பிரேக் இருந்தும் இல்லாததுபோல்தான். அப்போது முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரிலும் போட்டு வைக்க வேண்டும்.

இனி நீங்கள் கை வைக்கக்கூடிய வேலை. என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்ட்டர், ஏர் ஃபில்ட்டர் மாற்றுவதில் தொடங்குங்கள். இதில்கூடச் சத்தமில்லாத தவறு இரண்டு உண்டு. ஒன்று, ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக். பல கார்களில் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அலுமினியம். பிளக் இரும்பு. நீளமான பைப்பைச் செருகி முழு பலத்தோடு இறுக்கினால் சம்பில் உள்ள மரை மெல்ல இழையும். முதலில் சொட்டும். அடுத்த முறை ஆயில் மாற்றுகிறவர் சொட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் இறுக்குவார். பல சிறிய கார்களில் அந்த பிளக்குக்குத் தேவையானது 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான். உங்கள் காருக்குரிய சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு முரண்டு பிடித்தால் மரை குறுக்கே விழுகிறது என்று அர்த்தம். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை லிங்கி செட்டி தெருவில் வாங்கிக்கொண்டால் சக்கர நட்டுகளுக்கும் உதவும்.

இரண்டாவது, ஆயில் ஃபில்ட்டரின் ரப்பர் வளையம். வாடிக்கையாளர் ஒருவர் சனிக்கிழமை வீட்டு வாசலில் தானே ஆயில் மாற்றியிருக்கிறார். பழைய ஃபில்ட்டரைக் கழற்றும்போது அதன் வளையம் மட்டும் என்ஜின் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கறுப்பின்மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேலேயே புது ஃபில்ட்டரை, அதன் புது வளையத்தோடு இறுக்கிவிட்டார். ஞாயிறு முழுக்கத் தெருவுக்குள் ஓட்டியபோது ஒரு சொட்டுக்கூட இல்லை. திங்கட்கிழமை எண்ணூர் விரைவுச் சாலையில் வேகம் பிடித்ததும், இரட்டை வளையம் ஆயில் அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. வயரிங் கோளாறாக இருக்கும், வீடு பக்கம்தானே என்று ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். நான் கழற்றிப் பார்த்தபோது ஒரு வளையம் நசுங்கி, நாடாவைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கிராங்க் பேரிங்குகள் நீலம் பாய்ந்திருந்தன. அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் குறைவாக இருக்கிறது என்று சொல்வதில்லை, அழுத்தமே இல்லை என்று சொல்கிறது. எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். ஃபில்ட்டர் கழற்றியதும் அது உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வடித்த பழைய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். அது நேராகப் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். கேனில் பிடித்து ஏதாவது ஒரு ஷெட்டில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

பிரேக்கில் கை வைக்கலாமா? பேட் மாற்றுவதை ஒருவர் பக்கத்திலிருந்து காட்டிக்கொடுத்த பிறகு செய்யலாம். முதல் முறை தனியாகச் செய்யாதீர்கள். பேட் மாற்றும்போது, பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அதனால் வேலை முடிந்ததும், காரை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டிப்படும் வரை பல முறை அமுக்க வேண்டும். மறந்துவிட்டுக் கிளம்பினால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ஆனால் இது உடனே காட்டிக்கொடுக்கும் தவறு. சத்தமில்லாதது பிரேக் ஆயில் டப்பாவில் நடக்கிறது. அளவு குறைந்திருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் ஸ்டீயரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டும் "ஆயில்"தானே என்ற எண்ணம். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது கிளைக்கால் வகைத் திரவம். பெட்ரோலியத்திலிருந்து வரும் ஆயில் அதில் கலந்தால் பிரேக்கில் உள்ள ரப்பர் வாஷர்கள் ஊறிப் பருக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு பிரேக் விடாமல் பிடிக்கும், சக்கரம் சுடும், கடைசியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை ரப்பர் உள்ள அத்தனை பாகங்களையும் மாற்ற வேண்டிவரும். மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம்முடையது ஈரக்காற்று ஊர். ஆகவே திறந்து பாதி மீதமான பழைய பாட்டிலைப் பத்திரப்படுத்தி வைத்து அடுத்த வருடம் பயன்படுத்துவது சிக்கனமாகாது.

டீசல் கார் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, என்ஜின் ஓடும்போதே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய டீசல் மெக்கானிக்குகளின் வழக்கம். அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி. 11 வருடத்து டீசல் கார் பெரும்பாலும் காமன் ரெயில் முறையில் இருக்கும், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும். அதன் பைப்பில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), முழு வேகத்தில் 1,600 பார் வரைகூடப் போகும். நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சியடிக்கும் டீசல் கீற்று தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய காயம் அது. அப்படிப் பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். டீசல் ஃபில்ட்டரை மாற்றலாம், அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கலாம். இன்ஜெக்டர் பைப் பக்கம் போகாதீர்கள். யூடியூபில் யாராவது போனால் போகட்டும்.

இதோடு ஒரு விசாரணையையும் முடித்துவிடுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்க உங்கள் என்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசலில் செயின், டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் பெல்ட். பெல்ட் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருடக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடிய கார் என்று சொல்லி விற்பவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பெரும்பாலான டீசல் என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தவறு. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர். சென்னையின் வடக்குக் கடற்கரையோரத்தில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. அளவு குறைந்தது என்று அந்தத் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றினால் கார் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. அதில் உள்ள குளோரைடு என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிக்கும், சுண்ணாம்பு உள்ளே படலமாகப் படியும். ஒரு கோடையில், வியாசர்பாடி மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது முள் மேலே ஏறும். அந்த நேரத்தில் செய்யும் இரண்டாவது தவறு, சூடாக இருக்கும்போதே மூடியைத் திறப்பது. அந்த மூடி உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த மறுநொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியும் வெந்நீருமாக முகத்துக்கு வரும். என்ஜினை அணைத்து, மூடியைத் தொட்டால் கை தாங்கும் வரை காத்திருங்கள். முள் ஏறிய பிறகும் "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கோணும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போகும், லேத் பட்டறைக்கு வேலை கிடைக்கும்.

கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரோடு கலந்தே ஊற்ற வேண்டும். கலந்தே விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து ஊற்றச் சொல்வார்கள். நிறம் என்பது நிறுவனம் சேர்க்கும் சாயம், அதை வைத்து வகையை முடிவு செய்ய முடியாது. கையேட்டில் எழுதியிருக்கும் தரத்தைப் பாருங்கள். முன்னிருந்தவர் என்ன ஊற்றினார் என்று தெரியாத பழைய கார் என்பதால், முழுவதையும் வடித்து, அலசி, புதிதாக நிரப்பிவிடுவதே எளிது. இது நீங்களே செய்யக்கூடிய வேலை. என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு செய்யுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பது காரைப் பாதிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாதிக்கும், சந்தேகமே இல்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தகடு காய்வதே இல்லை. காசிமேட்டில் இன்னொன்றும் சேர்கிறது. மீன் லாரிகளிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் சாலையில் வழிந்து, உங்கள் சக்கரம் அதைக் காரின் அடிவயிற்றில் வாரி அடிக்கிறது. மேலே பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அடியில் தண்ணீர் பட்டே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். வாரம் ஒருமுறை உப்பில்லாத தண்ணீரில் சக்கர வளைவுகளையும் அடிப்பக்கத்தையும் கழுவுவதற்கு ஈடான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் கழுவியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அடிப்பக்கத்துக்குக் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்துவிடலாமா என்று கேட்பீர்கள். புதுக் காருக்கு நல்லது. பழைய காருக்கு அதனாலேயே கேடு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சேறும் துருவும் இருக்கும் தகட்டைத் தண்ணீரடித்து, காயக்கூட விடாமல், அன்றைக்கே பூச்சை அடித்து மாலையில் கொடுத்துவிடுகிறார்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. பார்க்க அழகாக, கெட்டியாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பூச்சு மட்டும் தோலாக நிற்கும், தகடு பொடியாகக் கொட்டும். கதவுகளின் கீழ் விளிம்பில் மழைநீர் வடிவதற்காகச் சிறிய துளைகள் இருக்கும். பூச்சு அடிக்கிறவர் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டால் கதவுக்குள்ளேயே தண்ணீர் தேங்கும். உங்கள் காரில் இப்போதே போய்க் குனிந்து பாருங்கள். அடைபட்டிருந்தால் மெல்லிய கம்பியால் பெயின்ட் கீறாமல் குத்திவிடுங்கள். தனியார் காரின் பதிவு 15 வருடத்தில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியைக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு வருடம்தான். என்ஜின் நன்றாக இருந்தும் அடித்தகடு செல்லரித்ததாலேயே காயலான் கடைக்குப் போன கார்கள் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஏராளம்.

மழைக்கு வருவோம். கணேசபுரம் சுரங்கப்பாதை, வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதை, இவற்றில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர்களை என்ன சொல்வது! முன்னால் போன லாரி கடந்துவிட்டது என்பார்கள். லாரி காற்றை இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, உங்கள் காரின் வாய் பம்பருக்குப் பின்னால் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவையுங்கள். லாரி எழுப்பும் அலையே போதும். தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் அதோடு பாதி நஷ்டம்தான். மீதிப் பாதி, மறுபடி செல்ஃப் அடிப்பதில் வருகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. டீசல் என்ஜின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கும்படி அமைந்தது. அதன் எரியறையில் இடம் மிகக் குறைவு, கொஞ்சம் தண்ணீரே போதும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். இதிலும் சத்தமில்லாத வகை ஒன்று இருக்கிறது. ராட் மிகக் கொஞ்சமாக வளைந்து, கார் கிளம்பி வீட்டுக்கும் வந்துவிடும். சில மாதம் கழித்து வெளியூர்ச் சாலையில் ராட் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது மழையை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். வெள்ளத்தால் வரும் சேதம் முழுக் காப்பீட்டில் சேரும். ஆனால் தண்ணீர் புகுந்த என்ஜினை நாமே முடுக்கியதால் வந்த சேதத்தை, வெள்ளத்தின் நேரடி விளைவல்ல என்று நிறுவனங்கள் வழக்கமாக மறுக்கும். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். 11 வருடக் காருக்கு எல்லா நிறுவனமும் அதைத் தருவதில்லை, கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் கார் நின்றிருந்தால் சாவியைத் தொடாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்ட்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் சேர்த்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

உங்கள் கார் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் சென்னையிலேயே கழித்திருக்கக்கூடும். விற்றவர் சொல்லாவிட்டாலும் சீட் பெல்ட் சொல்லும். அதைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றையும் பாருங்கள். எண்ணூர்ப் பக்கம் 2023 வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் ஊறிய கார்களில் ரப்பர் புஷ்கள் சீக்கிரம் உப்பிப் போனதாக எனக்குத் தோன்றியது. இது ஷெட்டில் பார்த்ததை வைத்துச் சொல்வது, சோதித்து நிறுவியது அல்ல.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் ரிலே (பல்புக்கான மின்சாரத்தைத் தனி வழியில் விடும் சுவிட்ச்) இல்லாமல் 100/90 வாட் பல்பு போடுவது, வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றி ஹாரன் மாட்டுவது, இரண்டும் டாஷ்போர்டுக்குப் பின்னால் நெருப்பு வைப்பதற்கான வேலைகள். முன்னிருந்தவர் செய்து வைத்திருந்தால் அதைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்ணாடி, கதவு, ஹெட்லைட் கூடு, இருக்கை எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், டயர் மட்டும் பழையது வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் தயாரித்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் படித்துப் பாருங்கள். பட்டன் தேயாத டயராக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

கடைசியாக, ஸ்பேனரே தேவைப்படாத வேலை ஒன்று. நண்பரின் உறவினரிடம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், பெயர் மாற்றியதாக எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குள் நடக்கும் விற்பனையில்தான் இது அப்படியே நின்றுபோகிறது. கேட்டால் தப்பாக நினைப்பார் என்ற கூச்சம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே தாமதித்தால் அந்த உறவினருக்கும் ஆபத்துதான். உங்களுக்கு ஆபத்து காப்பீட்டில் வருகிறது. மூன்றாம் நபருக்கான காப்பு காரோடு உங்களுக்கு மாறிவிடும். உங்கள் காருக்கே சேதம் வந்தால் கேட்பதற்கு, பாலிசி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதற்கு 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கு வங்கி தரும் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், குறிப்பை நீக்காமலேயே விட்டிருப்பார்கள். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் நிலுவையில் உள்ள அபராதமும் தெரிந்துவிடும்.

இந்த வாரம் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம், கதவுத் துளைகள், சீட் பெல்ட் சோதனை. அடுத்த வாரம் ஸ்டாண்டு வாங்கிக்கொண்டு ஆயில், ஃபில்ட்டர். கூலன்ட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம். கார் எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ரேடியேட்டர் டப்பாவுக்குள் இப்போது இருப்பது தெளிவான நிறத்தில் இருக்கிறதா, துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கிறதா என்று இங்கேயே எழுதுங்கள். பெல்ட்டா செயினா என்பதையும், முதலில் எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.